மனிதர்தானா?

கேள்வி: இணையத்தில் ஒரு விண்ணப்பம் நிரப்பப் போனால், "நீங்கள் மனிதரா?" என்று கேட்டுப் படங்களைக் காட்டுகிறது. மூன்று தரம் தோற்றுவிட்டேன். என்ன செய்ய?
(வாசகர், சாவகச்சேரி)

பதில்: அந்தப் படங்களில் தேடச் சொல்லும் அமெரிக்கத் தெருவோரத் தீயணைப்புக் குழாயைக் காண நீங்கள் தென்மராட்சியில் எங்கே போவது ஐயா? பலாப்பழங்களைக் காட்டி, பழுத்தது எதுவென்று கேட்டிருந்தால் நூற்றுக்கு நூறு புள்ளி எடுத்திருப்பீர்கள். ஏ9 வீதிச் சோதனைச்சாவடிகளில்கூட "யார், எங்கே போகிறாய்?" என்றுதான் கேட்டார்கள், மனிதரா என்று கேட்டதில்லை. (நடத்திய விதம் வேறு கதை.)

இன்னொன்று: 2007இல் வந்த ரீகேப்சா என்ற இதேபோன்ற மனிதச் சோதனையில் ஊர் உலகமெல்லாம் தட்டிய நெளிந்த எழுத்துகள், பழைய நியூயோர்க் டைம்ஸ் இதழ்களைக் கணினியில் ஏற்ற உதவின. 2009இல் கூகுள் அதை வாங்கிக்கொண்டது. எழுத்துக் கூட்டி வாசித்தவர்களுக்குச் சம்பளம்தான் இன்னும் வரவில்லை.