மேன்மைதங்கிய ரீசேல் வேல்யூ அவர்களுக்கு ஒரு மனு

பெறுநர்: மேன்மைதங்கிய ரீசேல் வேல்யூ அவர்கள். தலைமை அலுவலகம்: இனிமேல் வாங்கப்போகும் யாரோ ஒருவரின் மனம். கிளைகள்: கார் ஷோரூம்கள், புரோக்கர் கடைகள், மாமனார் வீடுகள்.

பொருள்: சொந்தச் சந்தோஷத்துக்காகக் கார் கட்டுகிறவர்களின் பட்டறைகளிலிருந்து தங்கள் அதிகார எல்லையை விலக்கிக்கொள்ளக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 1. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. 2. காப்பீட்டுத் தேய்மான அட்டவணை. 3. பக்கத்து வீட்டுக்காரரின் அபிப்பிராயம்.

ஐயா,

தங்களை எந்த அரசிதழும் நியமிக்கவில்லை. எந்தத் தேர்தலிலும் தாங்கள் நின்றதில்லை. ஆனாலும் இந்த நாட்டில் கார் வாங்கும் குடும்பம் எதுவும் தங்கள் ஒப்புதல் இல்லாமல் முன்பணம் கட்டுவதில்லை. பிடித்த நிறம் சிவப்பாக இருக்கும். வாங்குவது வெள்ளையாக இருக்கும், ஏனென்றால் சிவப்பு தங்களுக்குப் பிடிக்காது என்று ஷோரூம் விற்பனையாளர் சொல்லிவிட்டார். சீட்டின் மேலிருக்கும் பாலித்தீன் உறை மாதக்கணக்கில் கழற்றப்படாமல் முதுகில் வியர்வையை ஊற வைக்கும். அந்த சீட்டில் நிம்மதியாக உட்காரும் உரிமை அடுத்த ஓனருக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆர்டிஓ அலுவலகத்துக்கு எப்போதாவது போய்வந்தால் வேலை முடிந்துவிடுகிறது. தங்கள் அலுவலகமோ வண்டி வாங்கிய நாளிலிருந்து விற்கும் நாள்வரை விடுமுறையே இல்லாமல் நடக்கிறது. காசு கொடுத்தவர் தன் காருக்குள் குடக்கூலிக்காரரைப் போல ஒடுங்கி ஓட்ட, முகமே தெரியாத ஒருவர் அதன் உண்மையான சொந்தக்காரராக எங்கோ காத்திருக்கிறார். இத்தனை பேரை இவ்வளவு அமைதியாக ஆண்ட நிர்வாகம் வேறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

இந்த ராஜ்யத்தில் ஒரு சிறு கூட்டம் மட்டும் அடங்காமல் இருக்கிறது. பழைய ஜீப் ஒன்றை வாங்கி அடிச்சட்டம்வரை பிரித்து, துருவைச் சுரண்டி, டிங்கரிங் செய்து, லேத்தில் சாமான் கடைந்து, தனக்குப் பிடித்த சீட்டும் ஸ்டியரிங்கும் நிறமும் வைத்துக் கட்டுகிறவர்கள் அவர்கள். இவர்கள்மீது தாங்கள் வைக்கும் குற்றச்சாட்டு ஒன்றே ஒன்றுதான்: போட்ட காசு திரும்பாது. இந்த மனு அதை மறுக்கவில்லை. அது முழு உண்மை. நாலு லட்சம் செலவழித்துக் கட்டிய வண்டியைப் பார்த்து புரோக்கர் உதட்டைப் பிதுக்கினால் அவர்மீது கோபப்படவும் நியாயமில்லை. பத்துப் பேருக்குப் பிடிக்கும் வண்டியை விற்பது அவர் தொழில். ஒருவருக்கு மட்டுமே பிடித்த வண்டியில் அவர் பார்ப்பது, பழையபடி மாற்ற ஆகும் செலவை. தங்கள் தீர்ப்பில் பிழை இல்லை, ஐயா. தாங்கள் விசாரிக்கும் வழக்குதான் வேறு. அடுத்தவர் இதற்கு எவ்வளவு தருவார் என்ற கேள்விக்குத் தாங்கள் பதில் சொல்கிறீர்கள். கார் கட்டுகிறவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

சரி, தங்களுக்குக் கீழ்ப்படிந்து நடப்பவர்களுக்காவது காசு திரும்புகிறதா? நம் காப்பீட்டுத் துறை பழகிவந்த தேய்மான அட்டவணையைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன். வண்டிக்கு ஆறு மாதம் ஆவதற்குள் 5 சதவீதம் கழிகிறது. ஓராண்டுக்குள் 15, இரண்டாண்டுக்குள் 20, மூன்றாண்டுக்குள் 30, நான்காண்டுக்குள் 40, ஐந்தாண்டுக்குள் 50. ஐந்தைத் தாண்டிவிட்டால் காப்பீட்டு நிறுவனமும் வண்டிக்காரரும் பேசி ஒரு தொகைக்கு ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். எட்டு லட்சத்துக்கு வாங்கிய வெள்ளைக் கார், பாலித்தீன் உறை கிழியாமல், ஸ்டிக்கர் ஒன்றுகூட ஒட்டாமல், வீட்டு வாசலிலேயே பக்தியோடு நின்றாலும் ஐந்தாம் ஆண்டு முடிவில் இந்தக் கணக்குப்படி நாலு லட்சம்தான். சந்தை விலை அட்டவணையைவிடச் சற்றுக் கூடலாம், குறையலாம். இறங்குமுகம் என்பது மாறாது. ஆக, விசுவாசிக்கும் நஷ்டம், கலகக்காரருக்கும் நஷ்டம். முன்னவர் நஷ்டத்தை மட்டும் அடைகிறார். பின்னவர் நஷ்டத்தோடு தான் விரும்பிய காரையும் அடைகிறார்.

“நடுத்தரக் குடும்பத்துக்குக் கார் என்பது வீட்டுக்கு அடுத்த பெரிய முதல், அதைக் கண்டபடி வெட்டிக் குலைக்கலாமா?” என்று தங்கள் தரப்பில் ஓர் ஆட்சேபம் வரும். மதிக்கத்தக்க ஆட்சேபம். ஆனால் ஐந்தாண்டில் பாதியாகும் பொருளை முதல் என்று அழைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. அது செலவு. செலவென்று ஒத்துக்கொண்டால் கேட்க வேண்டிய கேள்விகள் மாறிவிடும்: இது கையில் மிஞ்சிய காசா, வட்டிக்கு வாங்கிய காசா? பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் கட்டியாகிவிட்டதா? மருத்துவத்துக்கென்று ஏதாவது ஒதுக்கி இருக்கிறதா? இவற்றுக்கு நல்ல பதில் இல்லாதவர் ஜீப் கட்டக் கூடாது. சொல்லப்போனால் எட்டு லட்ச ரூபாய் வெள்ளைக் காரும் வாங்கக் கூடாது. நல்ல பதில் இருக்கிறவரிடம் தங்களுக்கு வேலை இல்லை. குடும்பத்தோடு கொடைக்கானல் போய்வந்தவரை நிறுத்தி, அந்த நாலு நாளை இப்போது விற்றால் எவ்வளவு தேறும் என்று யாரும் கேட்பதில்லை. கட்டும் காலமும் ஓட்டும் காலமும் சேர்ந்துதான் அந்தப் பணத்தின் பலன். விற்கும் நாளில் வந்து பலனைத் தேடினால், ஏற்கெனவே அனுபவித்து முடித்ததற்கு இரண்டாவது முறை ரசீது கேட்பதாகும்.

இனி, தங்கள் தொலைநோக்கைப் பற்றி ஒரு வரலாற்றுச் சான்று. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஜார்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் என்ற சகோதரர்கள் நடத்திய பட்டறையில் 1952இல் பாப் ஹிரோஹாட்டா என்பவருக்காக 1951ஆம் ஆண்டு மெர்க்குரி கார் ஒன்று மாற்றிக் கட்டப்பட்டது. கூரையை அறுத்துத் தாழ்த்தினார்கள். கதவுகளுக்கு நடுவிலிருந்த தூணை எடுத்தார்கள். உடம்பையே தரையை ஒட்டி இறக்கினார்கள். அதற்கு மேல் இரண்டு விதப் பச்சை அடித்தார்கள். கிட்டத்தட்டப் புது வண்டி, அதை அறுத்து, வெள்ளையை விட்டுப் பச்சை! தங்கள் சட்டப்புத்தகத்தில் இதைவிடப் பெரிய குற்றம் இருக்க முடியாது. தண்டனையும் தவறாமல் வந்தது. லாஸ் ஏஞ்சலிஸ் மோட்டோராமா கண்காட்சியில் கொண்டாடப்பட்ட அந்தக் கார், 1959இல் பழைய கார் விலைக்கு, 500 டாலருக்கு, ஓர் இளைஞரின் கைக்குப் போனது. அவர் அதை விற்காமல் வைத்துக்கொண்டார். பல ஆண்டுகள் கழித்துச் சீர்செய்தார். 2017இல் அது அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் ஏறியது. 2022 ஜனவரியில் ஃபுளோரிடா ஏலத்தில் 20 லட்சம் டாலருக்கு மேல் போனது.

இதைச் சொன்னவுடன் தாங்கள் முகம் மலர்ந்து, “அப்படியானால் இதுவும் முதலீடுதானே, எங்கள் எல்லைக்குள்தானே வருகிறது” என்று கோப்பை நீட்டுவீர்கள். இல்லை, ஐயா. ஒரு ஹிரோஹாட்டா மெர்க்குரி மிஞ்சியது. அதே காலத்தில் அறுக்கப்பட்ட எத்தனையோ கார்கள் காயலான் கடைக்குப் போயின. கட்டிய கார் கோடிகளில் விற்கும் என்று யாருக்காவது ஆசை காட்டினால் அது சீட்டுக் கம்பெனி விளம்பரம் ஆகிவிடும். அந்தச் சான்று காட்டுவது வேறொன்றை: அதே கார், அதே பச்சைக் கனவு, தாங்கள் ஒருமுறை 500 என்றீர்கள், மறுமுறை 20 லட்சம் என்றீர்கள். இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவே தாங்கள்தான் மாறினீர்கள். அந்தக் காரின் விலையைக் கடைசியில் உயர்த்தியது எது என்று பார்த்தால், விலையைப் பற்றிய கவலை சிறிதும் இல்லாமல் அது கட்டப்பட்டதுதான். 1952இல் தங்களிடம் யோசனை கேட்டிருந்தால் கூரை அறுபட்டிருக்காது. இன்று அதைப் பற்றிப் பேச யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

நம் ஊரிலும் சான்று உண்டு. கோயம்புத்தூரின் கரிவரதன், மாருதி 800 இன்ஜினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்கள் கட்டினார். ஃபார்முலா மாருதி என்று அவற்றுக்குப் பேர். மளிகை வாங்கப் போகும் வண்டியின் இன்ஜினைப் பிடுங்கி, கூரையும் டிக்கியும் பின்சீட்டும் இல்லாத வாகனத்தில் பொருத்துவது தங்கள் கணக்கில் சொத்தை அழிப்பது. அந்தக் கார்களில் தன் தொடக்கப் பந்தயங்களை ஓட்டிய நாராயண் கார்த்திகேயன் 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநரானார். கோவை செட்டிப்பாளையத்துப் பந்தயத் தடம் கரிவரதனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒழுங்காகப் பாலித்தீன் உறையோடு காத்து விற்கப்பட்ட மாருதி 800 எதன் பெயரிலும் ஒரு தெருமுனைகூட இல்லை.

தங்களுக்குச் சட்டத்தின் துணையும் கிடைத்திருப்பதை அறிவேன். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது பிரிவு 52. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதியாக எடுத்துச் சொன்னது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. இதன் பின்னால் இருக்கும் காரணம் பாதுகாப்பு. அதைக் கேலி செய்ய இந்த மனுவுக்கு விருப்பமில்லை. கண்டபடி வெட்டி ஒட்டிய அடிச்சட்டம் சாலையில் இன்னொருவரின் உயிரை எடுக்கும். அந்த இன்னொருவர் யாருடைய சந்தோஷத்திலும் பங்குதாரர் இல்லை. ஆனால் பாதுகாப்பு என்பது சோதித்துப் பார்க்க வேண்டிய விஷயம். நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிக்குப் பாடி கட்டுகிறார்கள்; கரூரில் பேருந்துக்குப் பாடி கட்டுகிறார்கள். கம்பெனியிலிருந்து வருவது அடிச்சட்டமும் இன்ஜினும்தான்; மற்றதெல்லாம் பட்டறைக் கைவேலை. பேருந்துப் பாடிக்கென்று ஏஐஎஸ் 052 என்ற விதித்தொகுப்பே இருக்கிறது. ஐம்பது பேர் ஏறும் வாகனத்தை ஊர்ப் பட்டறையில் விதிப்படி கட்டச் சொல்லி, சோதித்து, சாலையில் விடத் தெரிந்த நாட்டுக்கு, இரண்டு பேர் உட்காரும் வாகனத்தைச் சோதிக்கத் தெரியாமல் போய்விடுமா?

பிற நாடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். பிரிட்டனில் 1957இல் வந்த லோட்டஸ் செவன் காரின் உரிமையை 1973இல் வாங்கிய கேட்டர்ஹாம் நிறுவனம், இன்றைக்கும் அதன் வழிவந்த கார்களை உதிரிப் பாகங்களாகப் பெட்டியில் அடுக்கி விற்கிறது. வாங்குகிறவர் வீட்டுக் கொட்டகையில் பூட்டிக்கொள்கிறார். பிறகு ஐவிஏ என்ற தனி வாகனச் சோதனைக்குப் போக வேண்டும். பிரேக், ஸ்டியரிங், சீட் பெல்ட், விளக்கு, புகை எல்லாம் பார்ப்பார்கள். வெளிவிளிம்பு எதுவும் ஆளைக் கிழிக்கும்படி கூர்மையாக இருக்கிறதா என்றுகூடப் பார்ப்பார்கள். தேறினால் பதிவு, தேறாவிட்டால் கொட்டகைக்குத் திரும்ப வேண்டியதுதான். கலிஃபோர்னியாவில் இப்படிக் கட்டிய கார்களுக்குப் புகைவிதியில் சலுகை தரும் சான்று ஆண்டுக்கு 500 பேருக்குத் தனியாக வழங்கப்படுகிறது. ஜெர்மனியில் மாற்றத்தைப் பொறியாளர் சோதித்து, வண்டியின் தாளில் பதிந்துவிடுகிறார்கள். இந்தச் சோதனைகள் எதிலும் ‘விற்றால் எவ்வளவு தேறும்’ என்று ஒரு கட்டம் கிடையாது. நம் நாட்டிலும் எல்பிஜி, சிஎன்ஜி கிட் பொருத்தவும், மாற்றுத்திறனாளிகளுக்கேற்ப வண்டியை மாற்றவும் அனுமதி வழி இருக்கிறது. கதவு ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் அகட்டினால் போதும்.

கடைசி ஆட்சேபம், அபூர்வமான பழைய கார்களைப் பற்றியது. உலகில் கொஞ்சமே மிஞ்சியிருக்கும் ஒரு காரை, அதுவும் முதல் பெயின்ட் கலையாமல் இருப்பதை, ஒருவர் தன் இஷ்டத்துக்கு அறுக்கலாமா? கூடாது. அதைத் தடுக்க வேண்டிய காரணம் வரலாறு; அது பின்வரும் எல்லோருக்கும் உரியது. தங்கள் காரணம் ஏல விலை. அது விற்கிறவருக்கு மட்டும் உரியது. தற்செயலாக இருவரும் ஒரே பக்கம் நிற்பதால் வரலாற்றின் காவலர் என்ற பட்டத்தைத் தாங்கள் சூட்டிக்கொள்ள வேண்டாம். தவிர, கார் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் எடுப்பது ஊருக்கு ஊர் கிடக்கும் சாதாரண வண்டிகளை. அமெரிக்காவில் அந்தக் காலப் பையன்கள் அறுத்து விளையாடியது, ஒன்றரைக் கோடிக்கு மேல் தயாரான ஃபோர்டு மாடல் டியையும் அதன் தம்பிமார்களையும்தான். இங்கே பட்டறைக்கு வருவது புளியமரத்தடியில் டயர் இல்லாமல் நிற்கும் ஜீப்.

ஆகவே தாழ்மையுடன் கேட்டுக்கொள்வது இவ்வளவே. விற்பதற்காகக் கார் வாங்குகிறவர்கள்மீது தங்கள் ஆட்சி தொடரட்டும். அவர்களுக்குத் தாங்கள் தேவை. ஓட்டுவதற்காகக் கட்டுகிறவரின் பட்டறை வாசலில் நின்று ‘திரும்பாது, திரும்பாது’ என்று ஓதுவதை நிறுத்திக்கொள்ளுங்கள். அது தெரிந்துதான் அவர் ஸ்பேனரைக் கையில் எடுத்தார். போக்குவரத்து அமைச்சகம் பிரேக்கையும் அடிச்சட்டத்தையும் கண்டிப்பாகச் சோதிக்கட்டும். தனியாள் கட்டிய வண்டிக்கும் அந்தச் சோதனையில் ஒரு வரிசையைத் திறக்கட்டும். கட்டுகிறவருக்கும் ஒரு வார்த்தை: போட்ட பணத்தைப் போட்ட அன்றே செலவுக் கணக்கில் எழுதிவிடுங்கள். பிற்பாடு விற்க நேர்ந்தால் புரோக்கர் சொல்லும் விலைக்கு முகம் சுளிக்காமல் கொடுத்துவிடுங்கள். அந்தப் பணம் உங்களுக்கு வரவேண்டிய பாக்கி அல்ல. உங்கள் பங்கை நீங்கள் ஏற்கெனவே ஓட்டித் தீர்த்துவிட்டீர்கள்.

இப்படிக்கு,
வெள்ளை நிறம் பிடிக்காத ஒரு குடிமகன்

நகல்: அடுத்த ஓனர், முகவரி தெரியாது.