வைரம் கேக்குற தாத்தா

உக்காருடா தம்பி. வெத்தலை இடிக்கிற கெழவனுக்கு வீடியோ கேமைப் பத்தி என்ன தெரியும்னுதானே பாக்குறே? பேரன் ஆடுறப்ப பின்னாடி கட்டில்ல கெடந்து பாத்தே பாதி ஆட்டம் எனக்கு அத்துப்படி. மீதிப் பாதி, அவன் காலேசுக்குப் போனப்புறம் நானா பழகுனது. அதை அவன்கிட்டச் சொல்லிப்புடாதே.

ஒங்க ஆளுக பேசுறதைக் கேட்டா எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வருது. ஒரு ஆட்டத்துக்குப் பத்துக்கு ஒம்பதரை மார்க்கு. அந்த அரை மார்க்கு எதுல போச்சுன்னு மூணு மணி நேரம் ஒருத்தன் வீடியோவுல அழுவுறான். கீபோர்டுக்குள்ள சீரியல் செட்டு எரியுது. ஆடுறதுக்குன்னு தனியா ஒரு நாக்காலி. ஏண்டா, தாயம் ஆடுனவனெல்லாம் நாக்காலி கேட்டானா?

எல்லாத்துலயும் பெரிய சவடால், "அப்புடியே நெசம் மாதிரி இருக்குய்யா"ங்கிறது. எங்கே, பாப்போம். ஃபார்மிங் சிமுலேட்டர்னு ஒன்னு. சுவிட்சர்லாந்துல ஜயண்ட்ஸ்னு ஒரு கம்பெனி செய்யுது. மொத ஆட்டம் 2008-ல வந்துச்சு. ஜான் டீர் டிராக்டர் அச்சு அசலா நிக்கிது. சக்கரத்துல ஒட்டுன சேறு கூடத் தெரியுது. எல்லாஞ் சரி. நெல்லு எப்ப வந்துச்சு தெரியுமா? 2024 நவம்பர்ல. 16 வருசம் கோதுமையும் பார்லியுமா வெதச்சுக்கிட்டே இருந்தவனுக்கு, ஒலகத்துல பாதிச் சனம் சோறு திங்கிற சங்கதி அப்பத்தான் காதுல விழுந்திருக்கு.

சரி, நெல்லு வந்துருச்சுல்லன்னு நானும் ஆசையா எந்திரிச்சு உக்காந்தேன். வயல்ல தண்ணி கட்டுறான். தண்ணி ஏறுது. "தண்ணி எங்கேருந்துடா வருது? மடையைத் தொறந்தது யாரு?"ன்னு கேட்டேன். "அதுவா வரும் அய்யா"ங்குறான் பேரன். அதுவா வருமாமுல்ல! எங்க ஊரு அரிமளத்துல எந்த வீட்டுத் திண்ணையில வேணும்னாலும் போயி இதைச் சொல்லிப் பாரு. கண்மாய்த் தண்ணி அதுவா வந்துச்சுன்னு சொன்னவனைக் குந்த வெச்சு மோர் குடுத்து அனுப்புவாங்க, வெயில் பட்டுருச்சுன்னு நெனச்சு.

ஆனா ஒன்னு. அதை நான் குத்தமாச் சொல்லலை. தண்ணிக்குச் சண்டை, கடன், வேலைக்கு ஆளு கெடைக்காத கஷ்டம், எல்லாத்தையும் உள்ள வெச்சான்னா எவன் காசு குடுத்து வாங்குவான்? அதெல்லாம் இங்கிட்டு ஓசியிலேயே கெடைக்கிதே. வேண்டாததை வெளிய தள்ளுனாத்தான் அது ஆட்டம். தள்ளிப்புட்டு "நெசம்"னு சொல்லாதேங்கிறேன், அம்புட்டுதான்.

இதுல யோக்கியன்னா அந்த ஆட்டு ஆட்டக்காரன்தான். கோட் சிமுலேட்டர். சுவீடன்ல காஃபி ஸ்டெய்ன்னு ஒரு கூட்டம் செஞ்சு, 2014 ஏப்ரல் ஒன்னாந் தேதி, முட்டாள் தினமாப் பாத்து வெளிய விட்டானுக. ஆட்டத்துல உள்ள தப்புதண்டாவைத் திருத்தவே இல்லை. ஆட்டமே நின்னு போற கோளாறை மட்டும் சரி பண்ணிட்டு, மத்ததெல்லாம் சிரிப்பா இருக்கு, இருந்துட்டுப் போவட்டும்னு விட்டுப்புட்டானுக. ஆடு ஏணியில ஏறுது, கண்டதை முட்டுது, நாக்குல ஒட்டுனதை இழுத்துக்கிட்டே ஊரைச் சுத்துது. நான் கொல்லையில ஆடு மேச்சவன், சத்தியமாச் சொல்றேன், அந்த டிராக்டரை விட இந்த ஆடுதான் நெசத்துக்குப் பக்கத்துல நிக்கிது. நாங்களும் ஒரு காலத்துல பாறையில கோடு கிழிச்சு ஆடுபுலி ஆடுனோம். மூணு புலி, 15 ஆடு. புளியங்கொட்டைதான் ஆடு. அதுக்கு வாலும் இல்ல, கொம்பும் இல்ல. ஆனா ஒன்னை வெட்டு குடுத்துட்டா வயிறு எரியும் பாரு!

இனிமே நம்ம ஆளுக்கு வருவோம். ஸ்டார்டியூ வேலி. இது எனக்குப் புடிச்சது. புடிச்சதைத்தான் நல்லா ஏச முடியும்.

அமெரிக்காவுல சியாட்டில் பக்கம் எரிக் பரோன்னு ஒரு பய. கம்ப்யூட்டர் படிச்சுட்டு வேலை கெடைக்கலை. சாயங்காலத்துல நாடகக் கொட்டகையில சனங்களுக்குச் சீட்டு காட்டி விடுற வேலை, மத்த நேரமெல்லாம் வீட்டுல இந்த ஆட்டம். படம், பாட்டு, கதை, கணக்கு எல்லாம் ஒத்த ஆளு. நாலு வருசத்துக்கு மேல ஒழைச்சு 2016 பிப்ரவரியில வெளிய விட்டான். இதுவரைக்கும் 4 கோடிக்கு மேல வித்திருக்கு. அந்த நாலு வருசமும் அவனை எத்தனை பேரு "என்ன தம்பி, சோலி ஏதும் அமஞ்சுதா?"ன்னு கேட்டிருப்பான், ரோசனை பண்ணிப் பாரு.

கதை என்ன? பட்டணத்துல ஆபீசுல குந்திக் குந்தி நொந்து போன ஒருத்தன், செத்துப் போன தாத்தா எழுதி வெச்ச கடுதாசியைப் பிரிக்கிறான். கிராமத்துல நெலம் இருக்கு, போயிப் பொழச்சுக்கன்னு இருக்கு. போறான். பங்காளி ஒருத்தன் கூட வந்து வில்லங்கம் பண்ணலை! பட்டா மாத்த ஆபீசு ஆபீசா அலையலை! தச்சு வேலை பாக்குற அம்மா பஸ்ஸுக்கே வந்து கூட்டிட்டுப் போவுது, ஊருத் தலைவர் வெதையும் ஓசியில குடுக்குறாரு. 15 வெதை. நாலு நாளுல கெழங்கு. நம்ம செவக்காட்டுல கடலை போட்டா நூறு நாளைக்கு மேல வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்கணும். இங்க ஒரு பருவமே 28 நாளுதான். வெளஞ்சதை வாசல்ல ஒரு பெட்டியில போட்டுட்டுப் படுத்தா, விடியக்காலம் காசு. தரகு இல்ல, மூட்டைக்குக் கழிவு இல்ல, சாக்குக்குப் பிடித்தம் இல்ல. அந்தப் பெட்டியை மட்டும் எவனாச்சும் செஞ்சு குடுத்தான்னா ஊரே சேந்து அவனுக்குக் கோயில் கட்டும்.

இன்னொரு சூது. அந்த ஆட்டத்துல படுத்துத் தூங்குனாத்தான் அன்னைக்கு நடந்தது கணக்குல ஏறும். நாளு சரியில்லையா? தூங்காம அமத்திட்டு மறுபடி போட்டா அதே விடியக்காலத்துலேருந்து ஆரம்பிச்சுக்கலாம். 2018 நவம்பர் 16, கஜா புயல் அடிச்ச ராத்திரி நம்ம புதுக்கோட்டை சில்லாவுல ஒருத்தன் கூடத் தூங்கலை. இருந்தும் விடிஞ்சு பாத்தா தென்னையும் பலாவும் சாஞ்சுதான் கெடந்துச்சு.

எல்லாத்துலயும் எனக்குப் புடிச்சது அந்தத் தாத்தாதான். சும்மா கடுதாசி எழுதிட்டுச் செத்துப் போயிட்டாருன்னு நெனக்காதே. மூணாம் வருசம் பொறந்த அன்னைக்கு ஆவியா எறங்கி வர்றாரு. என்ன சம்பாரிச்சே, ஊருல யாருக்கெல்லாம் நல்லவனா இருந்தே, கல்யாணங் காட்சி உண்டா, எல்லாங் கணக்குப் பாக்குறாரு. பாத்துட்டு மெழுகுவத்தி ஏத்துறாரு. நல்லாப் பொழச்சவனுக்கு நாலு, சுமாரானவனுக்கு ஒன்னு. பேரனுக்கு ரெண்டுதான் எரிஞ்சுச்சு, மூஞ்சி தொங்கிப் போச்சு. அப்பத்தான் கூட்டாளி ஒருத்தன் வழி சொல்லிக் குடுத்தான். தாத்தா மாடத்துல ஒரு வைரத்தை வெச்சா மறுபடி ஒருக்கா கணக்குப் பாப்பாராம்! செத்தப்புறமும் வைரம் வாங்கிக்கிட்டுத்தான் பைலைப் பிரிக்கிறாரு பாரு, அவருதான்யா தாத்தா. இதை வெள்ளக்காரப் பய எப்புடிக் கண்டுபுடிச்சான்னு இன்னைக்கும் வெளங்கலை.

வண்டி ஓட்டுற ஆட்டத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை போதும். செக்கு நாட்டுக்காரன் செஞ்ச யூரோ டிரக் சிமுலேட்டர் 2-ல 19 மைலை ஒரு மைலாச் சுருக்கி வெச்சிருக்கான். அந்தக் கணக்குல புதுக்கோட்டை நம்ம வீட்டு வாசல்லயே வந்து நிக்கும். இந்தோனேசியாக்காரன் பஸ் ஆட்டம் 2017-ல வந்துச்சு. வண்டியை நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்கலாம்னு ஒரு வழி விட்டிருந்தான். விடுவானுகளா நம்ம பயலுக? தமிழ்நாட்டு அரசு பஸ்ஸு, பிரைவேட்டு பஸ்ஸு எல்லாம் பெயின்ட்டோட ஏறிப் போச்சு. ஆரனு மட்டும் மேளக் கச்சேரி. கண்டக்டர் எங்கேடான்னு கேட்டேன், பதில் இல்ல. மிச்சச் சில்லறையைத் திருப்பித் தராத பஸ்ஸெல்லாம் ஒரு பஸ்ஸா?

இப்பக் கதை ஆட்டத்துக்கு வா. இதுலதான் ஒங்க ஆளுக மேடையே போட்டுடுறீக. "நான் எடுக்கிற முடிவுலதான் கதை போவுது"ம்பான் ஒருத்தன், காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு. 2012-ல டெல்டேல்னு ஒரு கம்பெனி, செத்தவன் எந்திரிச்சு நடக்கிற ஊருல ஒரு சின்னப் புள்ளையைக் காப்பாத்துற கதை போட்டான், வாக்கிங் டெட்னு. நீ ஒரு பேச்சு பேசுனா, இந்தப் புள்ள இதை மறக்காதுன்னு மேல எழுத்து வரும். பாக்குறவனுக்குத் திக்குன்னு இருக்கும். எங்க வீட்டுக் கெழவிக்கு அப்புடி எழுத்தெல்லாம் வராது. மச்சினன் கல்யாணத்துக்கு நான் பிந்திப் போனதை இன்னைக்கும் ரசத்தை ஊத்துறப்பச் சொல்லிக் காட்டுறா. சரி, அந்த ஆட்டத்துல நீ இப்புடிப் பேசு, அப்புடிப் பேசு, கடேசியில அந்தப் புள்ளையைக் காப்பாத்துற பாவப்பட்ட மனுசன் போய்ச் சேர வேண்டிய எடத்துக்குத்தான் போறான்.

இதுல ஏமாந்து போனேன்னு அழுதானுக பாதிப் பேரு. நான் அழுவலை. ஏன்னா நான் வள்ளி திருமணம் பாத்து வளந்தவன். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதுனது. அவரே நம்ம புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளைகிட்ட லயம் கத்துக்கிட்டவருதான். ஸ்பெசல் நாடகம்னா ஒத்திகை கெடையாது தம்பி. நாரதரு ஒரு ஊருலேருந்து வருவாரு, வள்ளி வேற ஊருலேருந்து வரும். மேடையிலதான் மொத மொதல்லயே மூஞ்சி பாத்துக்குவாக. தர்க்கம் ஆரம்பிச்சா மணிக்கணக்காப் போவும். இவரு ஒன்னு கேக்க, அது ஒன்னு மடக்க, எந்தப் பக்கம் திரும்பும்னு ஆர்மோனியக்காரருக்கே தெரியாது. நாங்க கண்ணுல தண்ணி அடிச்சுக்கிட்டு முழிச்சிருப்போம். விடியக்காலம் வள்ளிக்கு யாரோட கல்யாணம்? முருகனோடதான். அதுல ஏமாத்து என்ன இருக்கு? கல்யாணம் யாரோடன்னு பாக்கவா போனோம்? தர்க்கம் பாக்கப் போனோம்.

ரெட் டெட் ரெடம்ப்சன் 2-ம் ஒரு நாடகந்தான். கஜாவுக்கு மூணு வாரம் முந்தி வந்துச்சு. குதிரையில சுத்துற கொள்ளைக்காரக் கதை. அதுல குளிரு அடிச்சா ஆண் குதிரைக்கு வெதை சுருங்குது. ஆமாண்டா, நானே கிட்டக்கப் போயிப் பாத்தேன். மாசச் சம்பளம் வாங்கிக்கிட்டு ஒருத்தன் அந்தச் சோலியைப் பாத்திருக்கான். வீட்டுல என்ன வேலைன்னு கேட்டா அவன் என்ன சொல்லியிருப்பான்? ஆனா கதை கட்டுனவன் கெட்டிக்காரன். ஆர்தர் மார்கன் வட்டிக் கடனை அடிச்சு வசூல் பண்ணப் போறான். அடிபட்டவன் நோயாளி, மூஞ்சியில இருமுறான். அந்தக் காசநோயே ஆர்தரைச் சாவடிக்குது. இந்தக் கதையை எந்த அப்பத்தாகிட்டச் சொன்னாலும், "நல்லா வேணும், பாவம் நல்ல பய"ன்னு ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லுவா. அது போதும் ஒரு கதைக்கு. குதிரை வெதை உபரி.

எல்லாத்துக்கும் மேல ஒன்னு வெச்சிருக்கேன். வெண்பா. 2023 சூலை கடேசியில வந்துச்சு, டொரண்டோவுல நம்மாளுக நடத்துற விசை கேம்ஸு. 1980-கள்ல கனடாவுக்குப் பொழைக்கப் போன வெண்பா, புருசன் பாவலன், மகன் கவின். அம்மா குடுத்தனுப்புன சமையல் ஏடு கிழிஞ்சு அழிஞ்சு கெடக்கு, பாதி வரி இல்ல. மிச்சத்தை நீதான் கண்டுபுடிச்சு இட்லி அவிக்கணும். தட்டுக்கு மேல தட்டை எப்புடித் திருப்பி வெக்கிறதுங்கிறதுதான் மொதப் புதிரு. பேரன் முழிச்சான். எட்டிப் பாத்த கெழவி, "குழிக்கு மேல குழி வராமத் திருப்புடா, எருமை"ன்னா. திருப்புனான், வெந்துருச்சு. நாப்பதாயிர ரூவா மிசினுல ஆடுற ஆட்டத்துல எங்க வீட்டு அடுப்படி செயிச்சது அன்னைக்குத்தான். மக்யா வருசம் லண்டன்ல பாஃப்டா பரிசு, மொத ஆட்டத்துக்கான பரிசு அது. ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சு போவுதே, குடுத்த காசுக்குக் கட்டுமான்னு சில பேரு கணக்குப் போட்டானுக. நூறு மணி நேரம் இழுத்தாத்தான் கட்டுமோ? கிலோவுக்கு இம்புட்டுன்னு நிறுத்து வாங்குறதுக்கு அது என்ன புண்ணாக்கா?

அந்த வெண்பாவைப் பாத்தப்புறம்தான் எனக்கும் ஒரு ஆசை வந்துச்சு. நம்ம ஊருக்குன்னு ஒரு ஆட்டம். கண்மாய் சிமுலேட்டர். ஐப்பசியில மழை பேயணும். வரத்து வாய்க்கால் எங்கெங்க அடைச்சிருக்குன்னு நடந்து பாக்கணும். தைலமரக் காட்டுக்குள்ள போட்ட வரப்புல தண்ணி நின்னு போயிருந்தா, அதுக்கு யாருகிட்ட மனு குடுக்குறதுன்னு ஒரு சுத்து. கண்மாய் பெருகுனா கலுங்கு தாங்குமான்னு ராத்திரி டார்ச்சு எடுத்துக்கிட்டுப் போவணும். மேமடைக்காரன் மொதல்ல பாச்சுவானா, கடைமடைக்காரனுக்குத் தண்ணி எட்டுமான்னு ஆலமரத்தடியில கூட்டம். அந்தக் கூட்டத்துல பேச்சைத் தாவிப் போற பொத்தான் மட்டும் இருக்கப்படாது. பெரியவுக பேசி முடிக்கிற வரைக்கும் கேட்டுத்தான் ஆவணும். நானே ஒரு பெரியவராக் கொரல் குடுக்குறேன், காசு கூட வேண்டாம்.

எவன் வாங்குவான்னு கேக்குறியா? நான் வாங்குவேன்டா. ஆனா வந்த அன்னைக்கே முழு வெலை குடுத்து வாங்க எனக்கு என்ன கிறுக்கா? தீபாவளித் தள்ளுபடி வரட்டும்.