படுப்பதா, நடப்பதா? மறுநாட் கடுப்பு குறித்த ஒரு விசாரணை

சரீரத்தை வழக்கத்துக்கு மேல் வருத்தியவனுக்கு அன்றைக்கே வலிக்காமல், ஓர் இரவு முழுவதும் அயர்ந்த நித்திரையையும் அருளிவிட்டு, மறுநாட் காலையில் கட்டிலைவிட்டு இறங்கும் முதல் அடியிலே தொடையும் கெண்டைக்காலும் இடுப்பும் ஏகமனதாக ஆட்சேபம் தெரிவிக்கின்றனவே, அந்த வலியைப் பற்றியதே இவ்விசாரணை. நோய் என்று இதை வைத்தியர் ஒப்புவதில்லை. நோயல்ல என்று தள்ளிவிடவோ, அதை அனுபவிக்கிறவர் இடங்கொடுப்பதில்லை. மேல்வலி, கடுப்பு, உளைச்சல், பிடிப்பு என்று இடத்துக்கும் ஆளுக்கும் தக்கபடி ஊரார் இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரில் பேதமிருந்தாலும் தர்க்கம் ஒன்றே: வலி கண்டவன் படுத்துக் கிடக்க வேண்டுமா, எழுந்து மறுபடியும் உடம்பை வளைக்க வேண்டுமா?

இந்த விசாரணையைப் புவனகிரியிலே வைத்து நடத்துவதற்குக் காரணங்கள் இல்லாமலில்லை. வெள்ளாற்றங்கரையிலுள்ள இவ்வூர் ராகவேந்திர சுவாமிகள் அவதரித்த ஸ்தலம். ஜயதீர்த்தரின் நியாயசுதைக்குப் ‘பரிமளம்’ என்ற வியாக்கியானத்தை எழுதிய மகானை ஈன்ற மண், கெண்டைக்காலைப் பற்றிய ஒரு சிறு தர்க்கத்தைத் தாங்காமல் போகாது. அன்றியும், கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்கு நீர் வந்து சேர்ந்த பின், சுற்றுவட்டாரத்தில் சம்பா நடவு தொடங்குகிற நாட்களில், இந்த வலிக்கு ஆளானவர்களைத் தேடி ஆராய்ச்சியாளன் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. மலையோ குன்றோ இல்லாத சமவெளியாயிருப்பது ஒரு குறையே. அக்குறையின் தன்மை போகப்போக விளங்கும்.

இவ்விஷயத்தில் நம் நாட்டில் மூன்று மதங்கள் வழங்குகின்றன. முதலாவது சயனவாதம். உடம்பு வலியின் வாயிலாக ஓய்வைக் கேட்கிறது, கேட்டதைக் கொடுப்பதே தர்மம் என்பது அதன் கொள்கை. வாரத்தில் ஆறு நாள் நாற்காலியில் வீற்றிருந்து, ஏழாம் நாள் மனைவியின் கட்டளைப்படி பரணையை ஒழித்துச் சுத்தம் செய்த கனவான்களே பெரும்பாலும் அதன் சீடர்கள். இரண்டாவது வியாயாமவாதம். முள்ளை முள்ளால் எடுப்பதுபோல் வலியை வலியாலேயே எடுக்க வேண்டும் என்று கூறும் இம்மதத்தினரை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து மைதானத்தில் விடியற்காலையில் ஓடுகிறவர்களிடையிலும், புதிதாக உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து, படியிறங்கும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டே அச்சுளிப்பில் ஒரு பெருமையையும் ஒளித்துவைக்கத் தெரியாத இளைஞர்களிடையிலும் காணலாம். மூன்றாவது தைலவாதம். படுத்தாலென்ன, நடந்தாலென்ன, கற்பூராதித் தைலத்தைச் சூடுபறக்கத் தேய்த்து, நொச்சித்தழை போட்டுக் காய்ச்சிய வெந்நீரை மேலுக்கு ஊற்றி, கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தால் போதும் என்பார்கள். வாசனையைக் கொண்டே இவர்களைத் தெருமுனையில் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

மூன்று மதத்தாரும் தத்தம் கொள்கைக்குக் காட்டும் பிரமாணம் என்னவென்று விசாரித்தால், அது ஒன்றாகவே இருப்பது வியப்பளிக்கிறது: ‘மூன்று நான்கு நாளில் சரியாகிவிட்டது.’ இவ்வலி உழைப்புக்குப் பின் அரைநாளிலிருந்து ஒரு நாளைக்குள் தலைகாட்டி, முதல் நாளுக்கும் மூன்றாம் நாளுக்கும் இடையில் உச்சத்தை எட்டி, ஒரு வாரத்துக்குள் தானே விடைபெற்றுக்கொள்ளும் சுபாவமுடையது. படுத்தவனுக்கும் போயிற்று, ஓடினவனுக்கும் போயிற்று, தைலம் தேய்த்தவனுக்கும் போயிற்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததைக் காகதாலீய நியாயம் என்று தர்க்க சாஸ்திரிகள் பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். இங்கே விழுந்த பழம் ஒன்று, உட்கார்ந்த காக்கைகளோ மூன்று.

இனிக் காரணத்தை ஆராய்வோம். உழைக்கும்போது தசையில் ஒருவகை அமிலம் தேங்கி, அது வடியாமையால் வலி உண்டாகிறது என்பது படித்தவரிடையே இன்றும் செல்வாக்குடைய சித்தாந்தம். அந்த லாக்டிக் அமிலமோ, உழைப்பு நின்ற ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடுகிறது. மறுநாட் காலையில் நிகழும் குற்றத்துக்கு, முதல் நாள் மாலையே ஊரைவிட்டுப் போனவன் மேல் பழிசுமத்துவது நியாயமாகாது. 1983-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் ஒரே ஆட்களை ஒருமுறை சமதளத்திலும், பிறிதொருமுறை நூற்றுக்குப் பத்து வீதம் சரிவான தளத்தில் கீழ்நோக்கியும், ஒவ்வொரு முறையும் 45 நிமிஷம் ஓடவிட்டார்கள். சமதளத்தில் ஓடியபோது அமிலம் ஏறிற்று, வலி வரவில்லை. இறக்கத்தில் ஓடியபோது அமிலம் ஏறவில்லை, வலி வந்தது. ஒரு குற்றவாளியை விடுதலை செய்ய இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டுவதில்லை.

ஆகவே ஏற்றமல்ல, இறக்கமே மூலகாரணம். புவனகிரிப் பேருந்து நிலையத்தில் சிறிது நேரம் நின்றால் இதைப் பிரத்தியட்சமாகக் காணலாம். தொடை பிடித்துக்கொண்டவர் பேருந்தில் ஏறும்போது, கம்பியைப் பற்றி ஒருவாறு சமாளித்து ஏறிவிடுகிறார். இறங்கும்போதுதான் நடத்துநரின் பொறுமைக்குச் சோதனை வருகிறது. ஒரு தசை சுருங்கிக்கொண்டே சுமையைத் தூக்குவது ஒரு தொழில். சுமையைத் தாங்கியபடியே நீண்டுகொண்டு அதை மெல்ல இறக்குவது வேறொரு தொழில். 1952-ல் லண்டனில் அபாட், பிக்லண்ட், ரிச்சி என்னும் மூவர், நிலையாக நிறுத்திய இரண்டு மிதிவண்டிகளை ஒரே சங்கிலியால் பிணைத்து, ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் அந்த மிதியைப் பின்னோக்கித் தாங்கித் தடுக்குமாறு செய்தார்கள். இருவர் காலிலும் விசை ஒன்றே, வேகமும் ஒன்றே. ஆயினும் தாங்கினவர் செலவிட்ட பிராணவாயு, மிதித்தவர் செலவிட்டதில் ஒரு சிறு பங்குதான். சிறிய உருவமுடைய பெண்ணொருவர் பெரிய ஆளொருவரை இவ்வாறு எளிதிலே களைக்கச் செய்துவிடலாம். இறக்கும் வேலை அந்நேரத்தில் சுலபமாகத் தோன்றுவதும், தோன்றுவதனாலேயே மனிதன் அதில் மிதமிஞ்சிப் போவதும், கணக்கு மறுநாள் வருவதும் இவ்வாறுதான். சுலபமாயிருப்பதற்குக் காரணம், அவ்வேளையில் குறைந்த எண்ணிக்கையான தசையிழைகளே முழுப் பாரத்தையும் ஏற்பது. அதே காரணத்தால்தான் அவை சிதைகின்றன. பாஸ்டனில் தியோடர் ஹஃப் என்பவர் 1902-லேயே விரலைக் கருவியில் மாட்டி இழுக்கச்செய்து, இது களைப்பன்று, தசைக்குள் ஏற்படும் நுண்ணிய கிழிசல் என்று ஊகித்தார். 1981-ல் ஸ்வீடன் தேசத்தார் சிலரை மாடிப்படிகளில் திரும்பத் திரும்ப இறங்கி ஓடச்செய்து, கெண்டைக்காலிலிருந்து துணுக்கெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, இழைகளுக்குள் வரிசையாய் நிற்க வேண்டிய கோடுகள் குலைந்து வழிந்திருக்கக் கண்டார்கள். மலையில்லாமை புவனகிரிக்கு ஏன் ஒரு குறை என்பது இப்போது வாசகருக்குப் புலனாகும். நல்லவேளையாக நெல் மூட்டையை லாரியிலிருந்து இறக்கும் தொழில் இங்கே உண்டு.

சரித்திராசிரியர்கள் இவ்விஷயத்தில் காட்டியிருக்கும் அலட்சியத்தை இங்கே கண்டிக்காமல் இருக்க முடியவில்லை. நமக்கு அண்மையிலுள்ள பரங்கிப்பேட்டையில் 1781-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி சர் அயர் கூட் ஹைதர் அலியை எதிர்த்துப் பெரும்போர் நடத்தினார். அதற்குச் சில நாட்கள் முன்னே, கோட்டையாக மாறியிருந்த சிதம்பரம் ஆலயத்தைத் தாக்கித் தோற்றுமிருந்தார். பீரங்கிகளுக்குக் கணக்கு இருக்கிறது. வெயிலில் மணல்மேடுகளினூடே நாள் முழுதும் நடந்து போரிட்ட சிப்பாய்களின் தொடைகள் ஜூலை இரண்டாம் தேதி எந்நிலையிலிருந்தன என்பதைப் பற்றி ஒரு வரி கிடையாது. வென்ற சேனை தோற்ற சேனையைத் துரத்தாமைக்குக் குதிரைப்படையின் குறைவே காரணம் என்று எழுதியிருக்கிறார்கள். காலாட்படையின் கெண்டைக்காலை எவராவது விசாரித்தார்களா?

இனிச் சித்தாந்தம். வலிக்கிற தசையை இலேசாக இயக்கினால், இயக்குகிற வரையில் வலி குறைகிறது. நிறுத்திய சிறிது நேரத்தில் திரும்பி வருகிறது. ஆனால் அதனால் புண் விரைந்து ஆறுவதுமில்லை, தாமதிப்பதுமில்லை. இவ்வளவில் வியாயாமவாதிக்குப் பாதி வெற்றி. அத்தசையின் பலமோ சில நாட்களுக்குக் குன்றியே இருக்குமாதலால், வீம்புக்காக முன்னாள் தூக்கிய பாரத்தையே மறுநாளும் தூக்குவது புத்தியாகாது. இவ்வளவில் சயனவாதிக்கும் ஒரு பங்கு உண்டு. தேய்ப்பது சற்று இதம் தருகிறது. அது தைலத்தின் மகிமையா, தேய்த்த கையின் மகிமையா என்பதைத் தைலவாதிகள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளலாம். கையையும் காலையும் நீட்டி முறித்து வலியைத் துரத்தலாம் என்ற நம்பிக்கைக்குச் சோதனைகள் அளித்த ஆதரவு மிகச் சொற்பம். எவ்வளவு இயக்கலாம் என்பதற்குச் சுசுருதர் அன்றே ஒரு வரம்பு கட்டியிருக்கிறார்: உள்ள பலத்தில் பாதியளவே வியாயாமம் செய்க, உள்ளிருக்கும் வாயு வாய்வழியே வெளிப்பட்டு மூச்சிரைக்கத் தொடங்குவதே அப்பாதிக்கு அடையாளம். கடுத்த காலுக்கென்று அவர் இதை விதிக்கவில்லையாயினும், கடுத்த காலுக்கு இதைவிடப் பொருந்திய விதி எனக்குத் தெரிந்தவரை இல்லை.

ஆயினும், ஏட்டறிவில்லாத ஒரு நான்காம் மதம் நடவு வயலில் இருக்கிறது. நாற்று முடியை இடக்கையில் ஏந்தி, முழங்காலை மடக்காமல் இடுப்பை வளைத்து, சேற்றில் பின்னோக்கியே அடிவைத்து, ஒரு நாளில் எத்தனையோ ஆயிரம் தடவை உடம்பை முன்னே இறக்கித் தாங்கும் இத்தொழிலில், பின்தொடைத் தசைகள் நீண்டபடியே சுமை ஏற்கின்றன. மறுநாட் கடுப்புக்கு இதைவிடச் சிறந்த சாதனத்தை எந்தப் பரிசோதனைச்சாலையும் ஏற்படுத்தியதில்லை. வேலைக்குப் புதிதாக வந்து, இரண்டாம் நாள் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்ட ஒரு பெண்ணிடம் மூத்த ஆள் சொல்வது இது: “படுத்தியோ நாளைக்கும் வலிக்கும்டி. எறங்கி ரெண்டு முடி நடு, மேலு சூடேறிடும், அப்புறம் வலி தெரியாது.” வலி தெரியாது என்றாளேயொழியப் போய்விடும் என்று அவள் வாக்களிக்கவில்லை, சோதனைச்சாலைகள் கண்டதும் அவ்வளவே. ஆனால் அவள் இறங்கச் சொன்னதற்கு மேல்சூடு மட்டும் காரணமன்று. இறங்காவிட்டால் அன்றைய கூலி இல்லை. படுப்பதா நடப்பதா என்னும் இம்மகத்தான தர்க்கம், சம்பளத்தோடு விடுப்பு எடுக்கக்கூடியவரின் திண்ணையிலே பிறந்து, அத்திண்ணையிலேயே நடந்துவருவதை விசாரணையின் நடுவில்தான் நான் கவனித்தேன்.

நடவாட்களிடம் மற்றொரு விசேஷமும் உண்டு. ஒருமுறை இவ்வாறு சிதைந்து ஆறிய தசை, அதே வேலையை மறுமுறை செய்யும்போது முன்போல் வலிப்பதில்லை. அந்தக் காப்பு பல வாரங்கள் நீடித்துப் பின்னர் மெல்லத் தேய்கிறது. எனவே ஆழ்குழாய்க் கிணற்று நீரால் குறுவை நட்டவர்க்குச் சம்பா நடவின் முதல் நாள் இலேசாகவும், சம்பா மட்டுமே நடுகிறவர்க்கு வருஷந்தோறும் புதிதாகவும் வலிக்க வேண்டும் என்பது என் அனுமானம். இதைச் சோதித்துப் பட்டம் பெற விரும்பும் மாணவர்களுக்கு வயல்கள் சிதம்பரம் சாலையின் இருபுறத்திலும் இருக்கின்றன.

விலக்கு ஒன்றை மட்டும் விளையாட்டின்றிச் சொல்ல வேண்டும். வலியோடு சிறுநீர் கறுத்துத் தேயிலை டிகாஷன் நிறத்தில் இறங்கினாலோ, தசை வீங்கிக் கல்லாய் இறுகினாலோ, அது நம் விசாரணைக்கு உட்பட்ட கடுப்பன்று. சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைத் தாக்கும் ஆபத்து. அங்கே மூன்று மதமும் செல்லாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எஞ்சியது பிள்ளையார் விஷயம். நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போடுவதாக நேர்ந்துகொண்டு, அதை ஒரே மூச்சில் நிறைவேற்றிவிட்டு, மறுநாள் சந்நிதிப் படியில் இறங்கமாட்டாமல் கைபிடிக்க ஆள்தேடும் பக்தர்கள் இப்பக்கத்தில் உண்டு. உட்காரும் ஒவ்வொரு தடவையும் முன்தொடை நீண்டு பாரத்தைத் தாங்குகிறதாகையால், இதுவும் மேலே சொன்ன இறக்க வேலையே. ஒரு வாரம் முன்னதாகப் பத்தோ பதினைந்தோ போட்டு வைத்தால், அச்சொற்ப அளவே தசைக்கு ஓரளவு காப்பளித்து, நேர்த்திநாளின் கடுப்பைக் குறைக்கும் என்பதற்குச் சாஸ்திர ஆதாரம் இருக்கிறது. அந்தப் பத்தும் பதினைந்தும் நூற்றெட்டின் கணக்கில் சேருமா, அல்லது பயிற்சியென்று தள்ளுபடியாகுமா என்பது தேகசாஸ்திரத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது. அதைக் கோயில் குருக்களிடம்தான் கேட்க வேண்டும்.