உயிரோடு இருப்பதற்கு மன்னிக்கவும்

அனுப்புநர்: பவர் கொடுத்தவன் (உயிருடன்), கிள்ளான், மலேசியா.

பெறுநர்: சார்பதிவாளர் அலுவலகம். ஊர்ப் பெயர் வேண்டாம். வேப்பமரத்தடியில் காத்திருப்பவர்களுக்குத் தெரியும்.

பொருள்: அப்பா விட்டுப்போன மூணு சென்ட் ஓட்டு வீட்டை விற்க, இரண்டு நாடுகளிலிருந்து வந்த இரண்டு பவர் பத்திரங்கள் – தொடர்பாக.

பார்வை: 1. “நாளைக்கு வாங்க” என்ற தங்கள் வாய்மொழி உத்தரவு. 2. “சர்வர் வரலை” என்ற தங்கள் சுற்றறிக்கை.

ஐயா,

முதலில் ஒரு மன்னிப்பு. பிழைப்புக்காக நான் கிள்ளானுக்கும் என் தங்கச்சி சிங்கப்பூருக்கும் போனோம். ஒரே நாட்டுக்குப் போயிருந்தால் தங்களுக்கு இத்தனை சிரமம் வந்திருக்காது. இரண்டு நாட்டுக்கும் நடுவே ஜொகூர் பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். அந்த ஒரு கிலோமீட்டரில் உண்மையின் நிறமே மாறிவிடும் என்பது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

தூதரக முத்திரைக்குப் பதில் ஒரு தாளே போதும் என்கிற அபோஸ்டில் உடன்படிக்கையில் சிங்கப்பூர் 2021 செப்டம்பரிலிருந்து இருக்கிறது. தங்கச்சி நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டாள், அபோஸ்டில் தாள் ஒன்றை ஒட்டிக் கொடுத்தார்கள், வேலை முடிந்தது. நாங்கள் பத்திரம் போட்ட வரைக்கும் மலேசியா அதில் சேரவில்லை. ஆகவே எனக்குக் கிள்ளானில் நோட்டரி, புத்ராஜெயாவில் வெளியுறவு அமைச்சு, கோலாலம்பூரில் நம் தூதரகம் என்று மூன்று வாசல். மூன்று நாள் கடைக்கு லீவு.

இரண்டு பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு எங்கள் பவர் ஏஜெண்டான சித்தப்பா தங்களிடம் வந்தார். வயது எழுபத்திரண்டு, முழங்கால் வலி. தங்கள் எழுத்தர் தங்கச்சியின் பத்திரத்தைப் புரட்டி, “இதுல தூதரக சீல் எங்கே, பெரியவரே?” என்றார். பிறகு என் பத்திரத்தைப் புரட்டி, “அதுல ஒரு தாள் ஒட்டியிருக்கே, அந்த மாதிரி இதுல எங்கே?” என்றார். சித்தப்பா வெளியே வந்து எனக்குப் போன் செய்தார். “தம்பி, உன்கிட்ட இருக்கிறது அவகிட்ட இல்லையாம், அவகிட்ட இருக்கிறது உன்கிட்ட இல்லையாம். ரெண்டு பேரும் மாத்திக்க முடியுமா?”

ஐயா, தூதரகத்துக்கு நடக்கிற அலைச்சலை ஒழிக்கத்தான் 1961இல் அந்த உடன்படிக்கையே போட்டார்கள். 2005 ஜூலையிலிருந்து இந்தியாவும் அதில் இருக்கிறது. இருபது வருஷம் போதவில்லை. செய்தி தங்கள் மேஜைக்கு நடந்து வந்துகொண்டிருக்கிறது போலும்.

வக்கீலைக் கேட்டால் என்ன என்பீர்கள். கேட்டோம். கிள்ளான் வக்கீல், “கையெழுத்துக்கு நான் பொறுப்பு, இந்தியச் சட்டத்துக்கு இல்லை” என்றார். ஊர் வக்கீல், “இங்கே நான் பார்த்துக்கிறேன், அங்கே என்ன போட்டாங்கன்னு அங்கேதான் கேக்கணும்” என்றார். இருவரும் நாணயமானவர்கள், பீஸுக்கு ரசீது கொடுத்தார்கள். வெளிநாட்டு வக்கீல்கள் இங்கே தொழில் நடத்தக் கூடாது, வேண்டுமானால் பறந்து வந்து தம் நாட்டுச் சட்டத்தைப் பற்றி ஆலோசனை சொல்லிவிட்டுப் பறந்து போகலாம் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கு கிளம்பியதே நம் சென்னை உயர் நீதிமன்றத்தில்தான். பெரிய கம்பெனிகளுக்குப் பறந்து வருவார்கள். மூணு சென்ட் ஓட்டு வீட்டுக்குக் காக்காய்தான் பறந்து வரும்.

வேறு வழியில்லாமல் நானே சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். தாங்கள் தினமும் புழங்கும் 1908ஆம் வருஷப் பதிவுச் சட்டம், 33ஆம் பிரிவு. பவர் கொடுப்பவர் இந்தியாவில் வசிக்காவிட்டால் நோட்டரியோ, நீதிமன்றமோ, மாஜிஸ்திரேட்டோ, இந்தியத் தூதரக அதிகாரியோ முன்னிலையில் கையெழுத்தாகி அத்தாட்சி பெற்றால் செல்லும் என்கிறது. ‘அல்லது’ என்றுதான் இருக்கிறது, ஐயா. ‘எல்லாம்’ என்று இல்லை. நோட்டரி என்றால் உள்ளூர் நோட்டரிதானா என்ற சந்தேகமும் பழசு. ஜுக்ராஜ் சிங் வழக்கில் கலிபோர்னியா நோட்டரியின் அத்தாட்சியை 1970இலேயே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அதைவிட வேடிக்கை, சிங்கப்பூர், மலேசிய உயர் நீதிமன்றங்கள் பணம் கட்டச் சொல்லிக் கொடுக்கும் தீர்ப்பை, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்படி நம் மாவட்ட நீதிமன்றத்திலேயே நிறைவேற்றலாம். அந்த ஊர் நீதிபதியை நம்புகிறோம். அந்த ஊர் நோட்டரியைக் கண்டால்தான் நெற்றி சுருங்குகிறது.

இதற்குள் வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்ற கெடு ஓடிக்கொண்டிருந்தது. அதை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கட்டச் சித்தப்பா இரண்டு பஸ் மாறிப் போய் வந்தார்.

கடைசியில் டிக்கெட் போட்டு நானே வந்தேன். நினைவிருக்கிறதா? நீலச் சட்டை, கையில் பாஸ்போர்ட், பக்கத்தில் சித்தப்பா. கிரையப் பத்திரம் ஏஜெண்ட் பேரில் தட்டச்சாகி டோக்கனும் போட்டாயிற்று, மாற்ற முடியாது என்றார் எழுத்தர். சரி, அப்படியே பதியுங்கள் என்றேன். பக்கங்களை எண்ணிப் பார்த்துவிட்டுத் தலைநிமிராமல் கேட்டார்: “பவர் கொடுத்தவர் உயிரோட இருக்காருன்னு சர்டிபிகேட் எங்கே?”

“நான்தான் சார் அவர்” என்றேன்.

“அது சரி. சர்டிபிகேட்?”

எதிர்த் தெரு டாக்டரிடம் போனேன். நாடி பார்த்தார், இருநூறு ரூபாய் வாங்கினார், நான் இருப்பதாக எழுதிக் கொடுத்தார். வாழ்க்கையில் முதன்முறையாக அத்தாட்சியோடு உயிர் வாழ்ந்தேன். திரும்பி வந்தபோது சர்வர் போயிருந்தது.

செத்தவன் கொடுத்திருந்த பவரை வைத்து நிலத்தை விற்கும் திருட்டு நடக்கிறது. அதைத் தடுக்கத்தான் இந்தச் சான்று என்பது எனக்குத் தெரியும். அந்தச் சட்டத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் ஒவ்வொன்றாகச் சொல்வதோடுதான் சண்டை.

ஆகவே ஒரே ஒரு கோரிக்கை. வெளிநாட்டிலிருந்து வரும் பவருக்கு என்னென்ன வேண்டும், எந்த நாட்டுக்கு எந்த முத்திரை, எத்தனை நாளைக்குள் என்று தமிழில் ஒரு தாளில் தட்டச்சு செய்து, ‘எச்சில் துப்பாதீர்’ பலகைக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். தாளும் பசையும் நான் வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
பவர் கொடுத்தவன்.

இணைப்பு: உயிர்ச் சான்று, ஒன்று. முப்பது நாள்தான் செல்லுமாம். இன்று இருபத்தாறாவது நாள்.