வேப்பந்தட்டை வட்டத்தில் தனியார் படகுப் பயணமும் இராத்தங்கல் துறைகளும்: ஒரு முதல்நிலை ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை வட்டத்தில் ஒருவர் சொந்தப் படகு வைத்திருக்கிறார் என்று கொள்வோம். வீட்டாரையும் கட்டுச்சோற்று மூட்டையையும் ஏற்றிக்கொண்டு கால்வாய் வழியே உல்லாசமாகப் புறப்படுகிறார். பொழுது சாய்கிறது. படகை எந்தக் கரையில் கட்டுவார்? யாரிடம் அனுமதி கேட்பார்? எத்தனை இரவு தங்கலாம்? இந்த மூன்று கேள்விக்கும் தமிழ் ஆய்வுலகம் விடை சொன்னதாகத் தெரியவில்லை. பருத்திக்கென்று வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே வேப்பந்தட்டையில் இருக்கிறது. படகுக்கு இல்லை. அந்தக் குறையைப் போக்கவே இக்கட்டுரை.

வட்டத்தில் படகு ஓடும் கால்வாய் ஒன்றுகூட இல்லையே என்று உள்ளூர்க்காரர் யாரேனும் இடைமறிக்கக்கூடும். அது நடைமுறைச் சிக்கல். ஆய்வின் எல்லைக்குள் வராது.

சட்டத்தின் துணையும் ஆய்வாளருக்கே உண்டு. 2016ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிகள் சட்டம் நாடெங்கும் 111 நீர்வழிகளை அறிவித்தது. அந்தப் பட்டியலில் பாலாறு இருக்கிறது. வேலூர், இராணிப்பேட்டைக்காரர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. தண்ணீர் இல்லாமை ஒரு நீர்வழிக்குத் தகுதிக்குறைவு ஆகாது என்பது இதனால் தெளிவாகிறது. அரியலூர் மாவட்டத்தின் தெற்கெல்லையாக ஓடும் கொள்ளிடமும் காவிரியோடு சேர்ந்து அதே பட்டியலில், 55ஆம் எண்ணில் இடம்பெற்றிருக்கிறது. ஆகவே இப்பகுதியில் படகுப் பயணம் என்பது காகித அளவில் நடந்துகொண்டிருக்கும் ஒன்று.

2. வாய்ப்பு நழுவிய வரலாறு

வேப்பந்தட்டை எப்போதும் இப்படி இருந்ததில்லை. சுமார் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பெரும்பகுதிக்குள் கடல் புகுந்திருந்தது. அரியலூர்ச் சிமெண்ட் ஆலைகள் தோண்டும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் விட்டுச்சென்ற சொத்து. காரை கிராமத்து ஓடைகளில் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் மழைக்குப் பின் வெளியே தலைகாட்டும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தை 1940இல் நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் உலகுக்கு அறிவித்தார். கரையோரக் காட்டிலிருந்து அடித்துவரப்பட்ட அந்த மரம் கடலில் மிதந்து, பிறகு அமிழ்ந்து, அங்கேயே தங்கிவிட்டது. மாவட்டத்தின் முதல் மிதவை அதுதான். இராத்தங்கலும் அதற்கு முழுமையாகக் கிடைத்தது. அந்த நாளில் ஒரு படகுக் குழாம் தொடங்கியிருந்தால் இக்கட்டுரைக்கே வேலை இருந்திராது. மனிதன் வந்து சேரத் தாமதமானதால் வாய்ப்பு நழுவியது.

இரண்டாவது வாய்ப்பு இராசேந்திர சோழன் காலத்தில் வந்தது. கங்கைகொண்ட சோழபுரத்தில் அவன் வெட்டிய சோழகங்கம், இன்று பொன்னேரி எனப்படுவது, பதினாறு மைல் நீளக் கரை கொண்டது என்று 19ஆம் நூற்றாண்டுக் குறிப்பு ஒன்று சொல்கிறது. கொள்ளிடத்திலிருந்து அறுபது மைலுக்கு மேல் நீண்ட கால்வாய் அதன் தென்கோடிக்கு நீர் கொண்டுவந்தது. வடகோடிக்கு வெள்ளாற்றிலிருந்து சிறு கால்வாய் ஒன்றும் வந்தது. இந்தக் கடைசிச் செய்தியில் ஆய்வாளர்கள் சற்று நிற்க வேண்டும். வேப்பந்தட்டை வட்டத்து மழைநீர் வடிந்து சேரும் ஆறு வெள்ளாறு. ஆக, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இவ்வட்டத்தில் பெய்த மழையில் ஒரு பங்கு சோழர் தலைநகர் வரை கால்வாயில் பயணம் செய்து, ஏரியில் தங்கியிருக்கக் கூடும். தண்ணீருக்குக் கிட்டிய இந்த வசதி படகுக்குக் கிட்டியதா என்பதற்குச் சான்று இல்லை.

3. பிறநாட்டு ஒப்பீடு

இத்துறையில் முன்னோடிகள் ஆங்கிலேயர். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 2,000 மைல் கால்வாய்களையும் ஆறுகளையும் 2012 முதல் ஓர் அறக்கட்டளை பராமரிக்கிறது. நிலக்கரி சுமக்க வெட்டிய கால்வாய்களில் இன்று ஓய்வுபெற்றவர்கள் பூந்தொட்டி வைத்த படகுகளில் உலவுகிறார்கள். ஏழடிக்குள் அகலம், எழுபதடி வரை நீளம், மணிக்கு நான்கு மைல் வேகம். நம் ஊரில் தலைச்சுமையோடு சந்தைக்கு நடப்பவர் இதை முந்திவிடுவார்.

இரவு வந்தால் கரையில் இரண்டு இரும்பு முளைகளை அடித்து, கயிற்றைக் கட்டிவிட்டுத் தூங்கலாம். வளைவிலும் பாலத்தடியிலும், லாக் எனப்படும் படகேற்றும் தொட்டியின் வாசலிலும் கட்டக் கூடாது. நிலையான துறை இல்லாமல் சுற்றிக்கொண்டே இருப்பவர், ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் தங்கக் கூடாது என்று 1995ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பதினைந்தாம் நாள் நகர வேண்டும்.

இந்தச் சட்டத்தின் அடியில் ஒரு நீரியல் உண்மை புதைந்திருக்கிறது: பதினான்கு நாளும் தண்ணீர் அங்கேயே இருக்கும். அவர்கள் கால்வாயில் நீர் ஓடுவதில்லை, நிற்கிறது. மேடு வந்தால் லாக் கட்டுவார்கள். முன்னும் பின்னும் கதவு போட்ட பெரிய தொட்டி அது. படகு உள்ளே வந்ததும் பின்கதவைச் சாத்தி, நீரை ஏற்றி, முன்கதவைத் திறந்துவிட்டால் படகு ஒரு படி ஏறிவிடும். டிவைசஸ் என்ற ஊரருகே 72 மீட்டர் உயரம் ஏற இப்படி 29 லாக்குகள் வரிசையாக நிற்கின்றன.

நம் கால்வாயின் பிறவிக்குணம் வேறு. முசிறிப் பக்கம் காவிரியிலிருந்து பிரிந்து அரியலூர்ச் சீமை வரை வரும் புள்ளம்பாடி வாய்க்கால் 22,114 ஏக்கருக்குப் பாய வேண்டும். அதில் நீர் நின்றால் வயல் காயும். தண்ணீரை முறை வைத்து விடுவார்கள். ஷட்டர், வாய்க்கால் ஊழியரான லஸ்கரின் பொறுப்பு. முறை முடிந்து ஷட்டர் இறங்கினால் தரை தெரியும். இரவு படகில் படுத்தவர் காலையில் சேற்றில் எழுந்திருப்பார். பதினான்கு நாள் சட்டம் இங்கே தானாகவே அமலாகிறது, இன்னும் கடுமையாக.

கேரளத்தின் படகுவீடுகளையும் விட்டுவிடக் கூடாது. ஆலப்புழைக் காயலில் மாலை ஐந்தரை மணி வாக்கில் அவை கரை ஒதுங்கிவிட வேண்டும். அதன்பின் காயல் வலை வீசுபவர்களுக்கு உரியது. இரவு தங்குமிடத்தைப் படகோட்டி பார்த்துக்கொள்வார். பயணிக்குத் தேடும் வேலை இல்லை.

4. தமிழ் முன்மாதிரிகள்

தமிழ்நாட்டில் இராப்பயணத்துக்கு உகந்த பெரிய கால்வாயாக இருந்தது பக்கிங்காம் கால்வாய். 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை தனியார் முதலீட்டில் தொடங்கியது. 1876–78 தாது வருடப் பஞ்சத்தில் கூழுக்கு வேலை செய்தவர்களைக் கொண்டு அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டர் வெட்டப்பட்டது. 1878இல் அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது. பட்டினி கிடந்தவர் தோண்ட, கோமகன் பெயர் பெற்றார். நிர்வாக மரபுப்படி இதில் பிழை இல்லை.

உப்பும் விறகும் நெல்லும் அதில் போயின. 1930களில் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்கு நண்பர்களோடு படகில் போன பாரதிதாசன், 'மாவலிபுரச் செலவு' பாடினார். ஒருவர் கரையில் நடந்து கயிறு கட்டி இழுக்க, ஒருவர் கோல் ஊன்றித் தள்ள, உள்ளே மற்றவர்கள் இன்பமாகப் பயணம் செய்வதில் உள்ள கணக்கு அவரை உறுத்தியது. இங்கிலாந்தில் இழுவைக்குக் குதிரை பூட்டினார்கள், இங்கே மனிதன். உல்லாசப் படகுப் பயணம் பற்றிய தமிழ்ச் சான்றுகளில், உழைப்பவரைக் கண்ணெடுத்துப் பார்த்தது இது. பின்னாளில் புயல்கள் கரையை உடைத்தன. சென்னைக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. 2008இல் தேசிய நீர்வழி எண் 4 என்ற பட்டம் கிடைத்தது. தூண்கள் நகரவில்லை.

குமரி மாவட்டத்து ஏ.வி.எம். கால்வாய் 1860இல் தொடங்கி, கன்னியாகுமரி வரை போக எண்ணி, மண்டைக்காட்டுப் பக்கமே நின்றுவிட்டது. ஆகவே முன்மாதிரிகளில் முழுமையானது தெப்பம் ஒன்றே. மின்விளக்கு, நாதசுரம், பிரசாதம் எல்லாம் உண்டு. ஆனால் தெய்வமே ஆனாலும் குளத்தைச் சுற்றி வந்ததும் கோயிலுக்குத் திரும்பிவிட வேண்டும். நீரில் பல நாள் தங்கும் உரிமை தெய்வத்துக்கும் வழங்கப்படவில்லை.

5. படகுத் தேர்வு

இந்தப் பகுதியில் வேப்பந்தட்டை வட்டத்துக்குக் குறையே இல்லை. வட்டத்தைச் சேர்ந்த அரும்பாவூரின் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை, வேம்பு போன்ற மரங்களில் சுவாமி சிலையும் வாகனமும் தேர்ச்சிற்பமும் செதுக்கும் கைகள் அவை. முகப்பில் யாளி, பின்புறம் அன்னம், இருபக்கமும் கொடிப்பின்னல் என்று ஆங்கிலேயனின் பூந்தொட்டிப் படகு வெட்கப்படும்படி ஒன்றைச் செய்துதர அவர்களால் இயலும். ஆனால் அத்தகைய படகின் எடையைக் கருதும்போது, அதை மிதக்கவிடும் நீர் பற்றிய கேள்வி மறுபடி எழுகிறது.

எனவே இவ்வாய்வு பரிசலைப் பரிந்துரைக்கிறது. மூங்கிலும் தோலும் தாரும். இன்று தோலுக்குப் பதில் பிளாஸ்டிக் தாளும் கண்ணாடியிழையும். ஒரே ஆள் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடக்கலாம். இராத்தங்கல் சிக்கல் இதில் பாதி தீர்கிறது: கரையேற்றிக் கவிழ்த்துவிட்டு, அடியில் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். பதிவுக்கும் வழி உண்டு. 1917ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2021ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலங்கள் சட்டம், எஞ்சின் இல்லாத கலங்களைப் பதியும் வேலையை உள்ளாட்சி அளவில் ஒப்படைக்க இடம் தருகிறது. ஊராட்சி அலுவலகத்தில் பரிசலோடு போய் நிற்பவரை எழுத்தர் எப்படி வரவேற்பார் என்பது தனி ஆய்வுக்குரியது.

6. வழித்தடம்

பச்சைமலையில் பிறக்கும் கல்லாறு வட்டத்தின் குறுக்கே வந்து வெள்ளாற்றைச் சேர்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைச் சேர்கிறது. வரைபடத்தில் விரலால் ஓட்டிப் பார்த்தால் தடையற்ற வழி. விரலை எடுத்துவிட்டுப் பார்த்தால் தொழுதூர், பெலாந்துறை, சேத்தியாத்தோப்பு என்று அணைக்கட்டுகள் குறுக்கே நிற்கின்றன. பாசனத்துக்காகக் கட்டிய இவற்றில் படகுக்கு லாக் இல்லை. ஒவ்வோர் இடத்திலும் பரிசலைத் தலைக்கு ஏற்றி, மறுபுறம் இறக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைநாள் நீங்கலாக மற்ற மாதங்களில் அணைக்கட்டுக்கும் அணைக்கட்டுக்கும் நடுவிலும் தலையிலேயே வைத்திருப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

திரும்பி வருவது இன்னும் நுட்பமானது. பெரம்பலூர்ப் பகுதி கடல் மட்டத்துக்கு நூறு மீட்டருக்கு மேல். 72 மீட்டருக்கு 29 லாக் என்ற டிவைசஸ் கணக்கில் நாற்பதுக்கு மேல் வேண்டிவரும். அவ்வளவு லாக்குகளை நிரப்ப உள்ள தண்ணீரை, வெங்காயமும் மக்காச்சோளமும் போட்டிருப்பவர்கள் படகுக்கு விட்டுத்தர மாட்டார்கள் என்பதே கள நிலவரம்.

7. இராத்தங்கல் துறைகள்: தரவரிசை

முதலிடம் விசுவக்குடிக்கு. பச்சைமலைக்கும் செம்மலைக்கும் நடுவே கல்லாற்றைத் தடுத்துக் கட்டிய நீர்த்தேக்கம் இது. வட்டத்தில் நீர் ஓர் இரவுக்கு மேல் தங்கும் இடங்களில் முக்கியமானது. காட்சி அழகு, ஆனால் படகு அணையைத் தாண்டி எங்கும் போக முடியாது. துறை இருக்கிறது, பயணம் இல்லை.

இரண்டாமிடம் அரும்பாவூர்ப் பெரிய ஏரி. நிரம்பும் ஆண்டுகளில் மட்டும் விண்ணப்பிக்கவும்.

மூன்றாமிடம் ரஞ்சன்குடிக் கோட்டை அகழி. திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை ஒட்டிய இக்கோட்டையின் அருகே 1750களின் தொடக்கத்தில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதினார்கள். வட்டத்தில் சுற்றி வருவதற்கென்றே வெட்டப்பட்ட நீர்வழி இது ஒன்றுதான். புறப்பட்ட இடத்துக்கே திரும்பலாம் என்பதால் வழி தவறும் அச்சமும் இல்லை. வெட்டியவர்கள் அயலார் வந்து தங்குவதைத் தடுக்கவே வெட்டினார்கள் என்பதைப் பயணி நினைவில் கொள்ளவும்.

மாவட்ட எல்லை தாண்டினால் அரியலூரின் கரைவெட்டி ஏரி. புள்ளம்பாடி வாய்க்கால் நீரும் மழையும் நிரப்பும் இந்தப் பறவைகள் சரணாலயம் 2024இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலம் முழுக்க இங்கே தங்குகின்றன. அனுமதிச் சீட்டு இல்லை, பதினான்கு நாள் கெடு இல்லை. இவ்வாய்வின் அளவுகோல்கள் அனைத்தையும் நிறைவுசெய்த நீர்வழிப் பயணிகள் அவை மட்டுமே.

8. முடிவுகள்

படகுக்குத் தங்குமிடம் தேடிப் புறப்பட்ட ஆய்வு, இவ்வட்டத்தில் தண்ணீருக்கே தங்குமிடம் போதவில்லை என்ற இடத்தில் வந்து நிற்கிறது. பச்சைமலையில் பெய்வது கல்லாற்றில் இறங்கி, வெள்ளாற்றில் விழுந்து, பரங்கிப்பேட்டைக்குப் போய்ச் சேர்கிறது. எந்த ஆய்வாளரும் செய்யாத முழுநீளப் பயணத்தை மழைநீர் செலவில்லாமல் செய்துமுடிக்கிறது. அதை வழியில் நிறுத்தி இரண்டு மாதம் தங்கவைக்கும் ஏரிகளில் வண்டலும் சீமைக்கருவேலமும் முன்பதிவு செய்து உட்கார்ந்திருக்கின்றன. படகுக்கான அடுத்த கட்ட ஆய்வை அவற்றை அகற்றிய பிறகு தொடங்கலாம்.

அதுவரை வேப்பந்தட்டை வட்டத்தில் தனியார் படகு இரவு தங்கத் தகுந்த துறை, உரிமையாளரின் வீட்டுத் திண்ணை. மழைக்காலத்தில் தார்ப்பாய் போட்டு மூடி, தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளவும்.