நாலே கருவி போதும்!

கேள்வி: ஆடிப்பட்டத்தில் வீட்டுத் தோட்டம் போட என்னென்ன கைக்கருவிகள் அவசியம்?

பதில்: மண்வெட்டி, களைக்கொத்து, கவாத்துக் கத்தரி, பூவாளி. இந்த நான்கும் இருந்தால் கத்தரியும் வெண்டையும் காய்க்கும்; மற்றவை கடைக்காரருக்குத்தான் அவசியம்.

மண்வெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது, இலையும் காம்பு மாட்டும் வளையமும் சேரும் இடம். இறுகிய மண்ணில் ஓங்கிப் போடும்போது முழு விசையும் அங்கேதான் இறங்கும். பற்றவைப்பு அரைகுறை என்றால் முதலில் விடுவதும் அதுதான். காம்பு ஆடவே கூடாது. மாடித்தோட்டத்துக்கு மண்வெட்டி வேண்டாம், சிறிய மண்கரண்டி போதும். களைக்கொத்து கைக்கு அடக்கமாக, குனிந்து வேலை செய்ய இலகுவாக இருக்க வேண்டும்.

கவாத்துக் கத்தரியில் இரண்டு வகை உண்டு. அலகுகள் ஒன்றையொன்று உரசிச் செல்லும் வகை பச்சைக் கிளையை நறுக்கென்று வெட்டும். ஒற்றை அலகு தட்டைப் பரப்பில் வந்து அழுத்தும் வகை பச்சைத் தண்டை நசுக்கிவிடும். அது காய்ந்த குச்சிக்குத்தான் ஏற்றது. பூவாளியின் மூக்கில் துளைகள் பொடியாக இருந்தால்தான் விதை மண்ணோடு அடித்துப் போகாது.

வேலை முடிந்ததும் மண்ணைக் கழுவி, ஈரம் துடைத்து, இரும்பில் துளி எண்ணெய் தடவி வையுங்கள். துருப்பிடிக்காத கருவி அடுத்த பட்டத்துக்கும் உழைக்கும்.