நீட்டல் அரசியல்

கண்டி வாவியைச் சுற்றி மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல் வரும் நடைபாதை. விடிந்ததும் அங்கே வருகிற சிலருக்கு நடை ஒரு சாட்டுத்தான். வாவிக்கரையோரத்து மேக மதிலில் ஒரு காலைத் தூக்கி வைத்து, நாலு பேர் பார்க்க முனகுவதே பிரதான நிகழ்ச்சி. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அந்த மதிலைக் கட்டி முடிப்பதற்குள் 1815இல் இராச்சியம் போயிற்று. இவர்கள் நீட்டி முடிப்பதற்குள் ஒபிஸ் நேரம் வந்துவிடுகிறது.

குளிர்ந்த தசையை நிமிடக்கணக்கில் இழுத்துப் பிடித்தால் அதன் விசை சற்றுக் குறையும் என்கிறது விளையாட்டு மருத்துவம். முதலில் மெதுநடை, கால் வீச்சு. அசையாமல் நீட்டுவதெல்லாம் கடைசியில். அப்படிச் செய்தாலும் மறுநாள் வலி பறந்துவிடாது. 2011இல் வந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பின்படி, குறைவது மிகச் சொற்பம்.

வாவிக்கரையில் இது எடுபடுமா? நடைக்கு முன் நீட்டுவோர் ஒரு கட்சி, பின் நீட்டுவோர் மறு கட்சி. இரண்டும் ஒன்றுசேர்வது தேத்தண்ணிக் கடையில், ரோல்ஸ் தட்டை நோக்கிக் கை நீட்டும்போதுதான். அந்த நீட்டலுக்கு மட்டும் எவருக்கும் வார்ம்-அப் தேவைப்படுவதில்லை.